நாற்பத்தொரு கேசட்டும் ஒரு தொண்டையும்

2018ஆம் ஆண்டு மே மாதம் ஆறாம் தேதி ஞாயிற்றுக்கிழமை மாலை நான்கு மணிக்கு, நாற்பத்தொன்றாவது கேசட் பதிந்து முடிந்த கையோடு, டெல்பினுக்குக் குரல் போயிற்று. காசிமேடு மீன்பிடித் துறைமுகத்தை ஒட்டிய தணிகாசலத்தின் படகு என்ஜின் கொட்டகையில், மைக்கைக் கீழே வைத்துவிட்டுத் தண்ணீர் கேட்க வாயைத் திறந்தாள். உதடு அசைந்தது, மூச்சு வந்தது, சொல் வரவில்லை. நாற்பத்தொரு தடவை கத்தினால் யாருக்குத்தான் தொண்டை கட்டாது என்று சொல்லிவிட்டு, தணிகாசலம் டிரம்ஸ் குச்சிகளைத் துடைத்து டப்பாவில் போட்டார்.

அவர்கள் மூவரும் சேர்ந்த குழுவுக்கு உப்புத்துரு என்று பெயர். டெல்பின் பாடுவாள், விடிகாலையில் துறைமுகத்தில் மீன் ஏலம் கூறுவது அவள் தொழில், அதே தொண்டைதான் இங்கும். தணிகாசலம் டிரம்ஸ் அடிப்பார். படகு என்ஜின்களோடு கிடந்து பாதிக் காதை இழந்தவர். கிட்டார் இம்தியாஸ், மூர் மார்க்கெட்டில் பழைய இசைத்தட்டும் கேசட்டும் விற்பவன். அவர்கள் வாசித்தது கராஜ் பங்க், அதாவது கொட்டகையில் வாசித்துக் கொட்டகையிலேயே பதிந்து, பிசிறு எதையும் நீக்காமல், கொஞ்சம் துரு ஒட்டினாற்போல அப்படியே கொடுக்கும் இசை. அதைக் கேட்பவர்கள் நகரம் முழுக்கத் தேடினாலும் ஒரு சின்னக் கல்யாண மண்டபத்தை நிரப்பமாட்டார்கள், ஆனால் போனில் கேட்பதைப் பொடி தூவின தண்ணீர் என்று சொல்லும் ஆட்கள் அவர்கள். நாடாவில் விரலை வைத்தால் பாட்டு விரலில் படவேண்டும் என்பது அவர்கள் கட்சி. அவர்களிடம் ஒரு வழக்கம் இருந்தது. ஒரு கேசட்டிலிருந்து இன்னொன்றுக்கு நகல் எடுத்ததை அவர்கள் கையால் தொடமாட்டார்கள். எத்தனை கேசட் வேண்டுமோ அத்தனை முறை குழு முழுதாக வாசித்துப் பாட வேண்டும், ஒவ்வொரு கேசட்டும் தனி. வாங்கியதும் அதன் முதுகில் இருக்கும் இரண்டு பிளாஸ்டிக் பற்களை ஸ்குரூடிரைவரால் உடைத்துவிடுவார்கள், மேலே வேறெதையும் யாரும் பதிந்துவிடக் கூடாது என்று. இசைத்தட்டுக்கு ஆலை வேண்டும்; கேசட்டுக்கு ஒரு மெஷினும் ஒரு தொண்டையும் போதும். ஆகவே, விசைப்படகுகள் கடலுக்குப் போகாத தடைக்காலத்தில், ஏலம் இல்லாத நாட்களில், மொத்தமே பன்னிரண்டு நிமிடம் ஓடும் நான்கு பாட்டுகளை டெல்பின் நாற்பத்தொரு முறை பாடினாள்.

செவ்வாய்க்கிழமை பகலில் மூர் மார்க்கெட் கடையில் இம்தியாஸ் தன் பங்குக் கேசட்டை ஓடவிட்டிருந்தான். இரண்டாம் பாட்டின் நடுவே, பாடும் குரலுக்குப் பக்கத்தில் இன்னொரு நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்ததுபோல, டெல்பினின் பேச்சுக் குரல் கேட்டது.

"தொண்டையில ஒண்ணுமில்லன்னு நீங்களே சொல்றீங்க டாக்டரு. அப்புறம் இன்னாத்துக்கு இம்மாம் மாத்திர?"

அவன் தணிகாசலத்துக்குப் போன் போட்டான். டெல்பின் எங்கே என்றான். காது மூக்குத் தொண்டை டாக்டரிடம் போயிருக்கிறாள், உள்ளே கூப்பிட்டு ஐந்து நிமிடம் ஆகிறது என்றார் தணிகாசலம். இதற்குமேல் இருவரும் எதையும் ஆராயவில்லை. டெல்பின் பேசுவதெல்லாம் கேசட் எங்கே ஓடுகிறதோ அங்கே போய் வருகிறது, எதுவும் ஓடாவிட்டால் எங்கும் வருவதில்லை, அவ்வளவுதான் விஷயம்.

காசிமேட்டில் இதை யாரும் பெரிய அதிசயமாக எடுத்துக்கொள்ளவில்லை. குரல் கேசட்டில் இருக்கிறது, கேசட் கைக்கு எட்டுகிற தூரத்தில் இருக்கிறது, பிறகென்ன என்றார்கள். இம்தியாஸ் தன் கேசட்டையும் தோளில் மாட்டும் பிளேயர் ஒன்றையும் டெல்பினிடம் கொடுத்தான், அவள் அதை இடுப்பருகே தொங்கவிட்டுக்கொண்டு தெருவில் நடந்தாள், பட்டனை அழுத்தியதும் டிரம்ஸும் கிட்டாரும் கிளம்பின, அதற்குள்ளிருந்து அவள் காய்க்காரரிடம் பேரம் பேசினாள், பக்கத்து வீட்டோடு குழாயடியில் சண்டை போட்டாள், பேருந்தில் ராயபுரத்துக்கு ஒரு டிக்கெட் கேட்டாள். டிரம்ஸ் அடிகளுக்கு இடையே பேச்சைப் பொறுக்கியெடுக்கத் தெருவே ஒரு வாரத்தில் பழகிக்கொண்டது. பன்னிரண்டு நிமிடம் முடிந்ததும் நாடாவைச் சுற்றிக்கொள்ள அவளுக்கு அவகாசம் கொடுத்து, சண்டை போடுகிறவர்களும் காத்திருந்தார்கள். பாவசங்கீர்த்தனத்துக்குப் போனபோது மட்டும் பாதர் தயங்கினார். அதே நேரத்தில் அண்ணா நகரில் யாராவது கேசட்டை ஓடவிட்டிருந்தால் ரகசியம் என்னாவது என்று யோசித்து, பாவங்களை எழுதித் தரச் சொல்லி, படித்ததும் மெழுகுவர்த்தியில் எரித்துவிட்டார்.

பாதர் யோசித்தது சரி. அண்ணா நகரில் பல் மருத்துவர் ஒருவர் இருந்தார், உப்புத்துருவின் தீவிர ரசிகர். அவர் வீட்டுக் கேசட் ஒரு மாலை, அரைக் கிலோ தக்காளியில் நாலு சொத்தை என்று முறையிட்டது. அவர் மற்றவர்களுக்குச் சொன்னார். அதற்குப் பிறகு ரசிகர்கள் யாரும் கேசட்டை அலமாரியில் வைக்கவில்லை. பாடகி தங்கள் வீட்டு மேசையில் உட்கார்ந்து தினமும் புதிதாகப் பேசுகிறாள். எந்த இசைத்தட்டு இதைக் கொடுக்கும் என்றார்கள். சிலர் அதைப் போனில் பதிந்துபார்த்தார்கள், மழை பெய்வது போன்ற இரைச்சல் மட்டும் விழுந்தது, நாடாவின் பெருமைக்கு இதைவிடச் சான்று வேண்டுமா என்று அதற்கும் சந்தோஷப்பட்டார்கள். ஆனால் ஒரே நேரத்தில் ஐந்து கேசட் ஓடினால் குரல் ஐந்தாகப் பங்குபோய் ஐந்திலும் மெலிந்தது. இருபது ஓடினால் கொசு பாடுவதுபோல ஆனது. டெல்பினின் இடுப்புப் பிளேயரில் சில நாள் அவள் பேச்சு அவளுக்கே கேட்கவில்லை.

தடைக்காலம் முடிந்து ஜூன் பதினைந்தில் படகுகள் கிளம்பும், திரும்பி வந்ததும் ஏலம் தொடங்கும். ஏலக்கூடத்தில் எட்டாம் இடம் டெல்பினுடையது, அவளுக்கு முன் அவள் அம்மாவுடையது. மீன் ஏலம் என்பது முழுக்கத் தொண்டை வேலை. ஐஸ் உருகுவதற்குள், நூறு பேர் இரைச்சலுக்கு மேலே, ஒரு தரம், ரெண்டு தரம், மூணு தரம் என்று கூறி முடிக்க வேண்டும். முடிக்கத் தெரியாதவருக்கு மீன் போடப் படகுக்காரர்கள் வரமாட்டார்கள். படகு உரிமையாளர் சங்கத்தின் செயலாளர் கஜபதி கறாரானவர், ஆனால் அநியாயக்காரர் அல்ல. அவர் டெல்பினைக் கூப்பிட்டு உட்காரவைத்து, டீ வாங்கிக்கொடுத்துச் சொன்னார்.

"தொண்ட இல்லாத ஏலக்காரிய வெச்சிக்கினு நான் எந்தப் படகுக்காரனுக்கு பதில் சொல்றது? ஆடி முடியிற வரிக்கும் பாக்குறேன்மா. ஆவணி ஒண்ணாந்தேதி எட்டுல புஷ்பம் நிக்கும்."

புஷ்பம் பதினோரு வருடமாக அந்தக் கூடத்தில் ஐஸ் அள்ளிக்கொண்டிருந்தவள். நல்ல கணீர்க் குரல்; அது கூடத்துக்குத் தெரியும், இடம்தான் கிடைக்கவில்லை. அவள் டெல்பினிடம் ஒளிவுமறைவு இல்லாமல் பேசினாள். நீ நல்லாகிவிட்டால் சந்தோஷம், ஆகாவிட்டால் எனக்கு இன்னும் சந்தோஷம், தப்பா நெனச்சிக்காத என்றாள்.

காலை நான்கிலிருந்து ஏழு வரை யாரும் கேசட்டை ஓடவிட வேண்டாம் என்று இம்தியாஸ் ஒவ்வொரு ரசிகருக்கும் சொல்லிவைத்தான், ஒவ்வொருவரும் சத்தியம் செய்தார்கள். படகுகள் திரும்பிய முதல் காலையில் டெல்பின் ஒலிபெருக்கியோடு பிளேயரை இணைத்து எட்டாம் இடத்தில் நின்று, முதல் கூடை வஞ்சிரத்துக்கு வாயைத் திறந்தாள். ஒலிபெருக்கியில் டிரம்ஸ் இடித்தது, கிட்டார் அறுத்தது, ஏலம் மட்டும் ஒரு சுவருக்கு அந்தப் பக்கத்திலிருந்து வருவதுபோல வந்தது. வியாபாரிகள் காதில் கையை வைத்துக்கொண்டு முன்னால் நெருங்கினார்கள், பிறகு ஒருவரையொருவர் பார்த்தார்கள், பிறகு ஏழாம் இடத்துக்கு நகர்ந்தார்கள். ஐஸ் உருகித் தரையில் ஓடியது. கடைசியில் புஷ்பம் கூடையைக் கீழே வைத்துவிட்டு வந்து, டெல்பினின் உதட்டைப் பார்த்துப் பார்த்து, அவள் சொல்வதைத் தன் தொண்டையால் கூறி அந்தக் காலையை முடித்துவைத்தாள்.

விசாரித்ததில் இருபத்தாறு பேர் கேசட்டை ஓடவிட்டிருந்தார்கள். ஏலத்தை நேரடியாகக் கேட்கும் ஆசையை யாராலும் அடக்க முடியவில்லை. சத்தியத்தை மீறியதாக அவர்களில் ஒருவரும் நினைக்கவும் இல்லை; எல்லோரும் சொல்லிவைத்ததுபோல ஒரே பதிலைச் சொன்னார்கள், சத்தத்தை மிகவும் குறைத்து வைத்துத்தானே கேட்டோம் என்று. ஒலியளவைத் திருகிக் குறைத்தால் நாடா ஓடாததாக ஆகிவிடும் என்று, நாடாவைப் பற்றி நகரத்திலேயே அதிகம் தெரிந்தவர்கள் நம்பியிருந்தார்கள்.

அழிப்பதைத் தவிர வழியில்லை என்று அன்று மாலை இம்தியாஸ் சொன்னான். முதலில் தன் கேசட்டை எடுத்தான், உடைத்த பற்களின் ஓட்டையைப் பிளாஸ்திரியால் மூடினான், மைக்கைக் கழற்றிவிட்டு, பதியும் பட்டனை அழுத்தி, பன்னிரண்டு நிமிடமும் வெறுமையைப் பதிந்தான். நாடா நின்றதும் டெல்பினின் தொண்டைக்குள் ஏதோ இறங்கியதுபோல அவள் விழுங்கினாள், பிறகு, பக்கத்தில் நிற்பவருக்கு மட்டும் கேட்கிற அளவில், "உப்பு கரிக்குது" என்றாள்.

அடுத்த வாரங்கள் வசூல் வாரங்கள். இம்தியாஸ் வீடு வீடாகப் போனான். சிலர் கையில் கொடுத்துவிட்டு வாசலிலேயே அழுதார்கள். ஒருவர் கதவைத் திறக்கவில்லை. பல் மருத்துவர் அவனை உட்காரவைத்து, இது இனி யாராலும் செய்ய முடியாத பதிவு, ஒரு தனி மனிதரின் வசதிக்காக இதை அழிப்பது நியாயமா என்று நிதானமாகக் கேட்டார். இம்தியாஸும் நிதானமாகத்தான் பதில் சொன்னான். "உங்க ஆஸ்பத்திரியில யாரு வந்து வாயத் தொறந்தாலும் உள்ள நாக்கு இருக்கும் சார். நாக்க நீங்க அலமாரியில எடுத்து வெக்கிறதில்லல்ல?" மருத்துவர் எழுந்து போய்க் கேசட்டை எடுத்துவந்து கொடுத்தார்.

ஒவ்வொரு கேசட் அழியும்போதும் தொண்டைக்கு ஒரு பங்கு திரும்பியது. ஆனால் மிச்சமிருப்பதில் ஒன்று எங்கோ ஓடத் தொடங்கினால், வந்த குரலும் அங்கே போய்விடும், நின்றதும் திரும்பும். வேளச்சேரியில் ஒரு கேசட் காரின் முன்கண்ணாடிக்குக் கீழே வெயிலில் கிடந்து உருகிவிட்டது, அழிப்பதற்கு அதில் எதுவும் மிஞ்சவில்லை. அதன் பங்கு என்ன என்பது பிறகுதான் தெரிந்தது: டெல்பினால் சிரிக்க முடிந்தது, சத்தம் போட்டுச் சிரிக்க முடியவில்லை. அன்றிலிருந்து இம்தியாஸுக்குத் தூக்கம் கெட்டது. எந்த நாடாவில் எது இருக்கிறது என்று யாருக்கும் தெரியாது. ஒன்று அறுந்தால் அவள் எதை இழப்பாள் என்றும் தெரியாது.

ஆடி பிறந்தபோது உருகியது ஒன்று, அழிந்தவை முப்பத்தொன்பது. ஒன்றைக் காணவில்லை. கதவைத் திறக்காதவர், தன்னிடம் கேசட் இல்லை என்று உள்ளிருந்தே சொல்லிவிட்டார். இம்தியாஸ் கொடுத்தவர்களை எல்லாம் மறுபடி கேட்டான், தணிகாசலத்தையும் கேட்டான். என்னுடையதைத்தான் முதல் வாரமே என் கையாலேயே அழித்தேனே, நீதானே ஓட்டையை மூடினாய் என்றார் தணிகாசலம். அது உண்மை.

டெல்பின் எட்டாம் இடத்தில் நின்றாள், ஒலிபெருக்கி இல்லாமல் கூறினாள், பெரும்பாலான காலைகளில் கூறி முடித்தாள். சில காலைகளில், ரெண்டு தரம் என்பதற்கும் மூணு தரம் என்பதற்கும் நடுவே, குரல் எழுந்து போய்விடும். உடனே புஷ்பம் பக்கத்தில் வந்து நிற்பாள், டெல்பின் உதட்டை அசைப்பாள், புஷ்பம் கூறுவாள். வியாபாரிகள் இதற்கும் பழகினார்கள். எட்டில் ரெண்டு பேரு என்று சொல்ல ஆரம்பித்தார்கள். ஆடி பாதி போனபின் சிலர் டெல்பினைப் பார்க்காமல் நேராகப் புஷ்பத்தையே பார்த்தார்கள். டெல்பின் அதைக் கவனித்தாள். புஷ்பமும் கவனித்தாள்.

குரல் போகும் காலைகளுக்கு ஓர் ஒழுங்கு இருப்பதைக் கண்டுபிடித்ததும் புஷ்பம்தான், ஏனென்றால் எந்தப் படகு எப்போது கரைக்கு வரும் என்று ஐஸ்காரிக்குத் தெரிந்திருக்க வேண்டும். 'ஆழிமுத்து' என்ற விசைப்படகு கரையில் கட்டியிருக்கும் நாட்களில் டெல்பினுக்கு ஒன்றும் ஆவதில்லை. அது கடலில் இருக்கும் நாட்களில்தான் குரல் போகிறது. இதைச் சொல்லாமல் இருந்திருந்தால் எட்டாம் இடம் தானாக அவளுக்கு வந்திருக்கும். புஷ்பம் இரண்டு நாள் சொல்லாமல் இருந்தாள், மூன்றாம் நாள் சொல்லிவிட்டாள். அப்போது ஆடி முடிய நான்கு நாள். ஆழிமுத்து கடலில் இருந்தது, அதன் என்ஜினைப் பார்த்துக்கொள்ள வழக்கம்போலத் தணிகாசலம் கூடப் போயிருந்தார், டெல்பினுக்குக் குரல் அடியோடு நின்றிருந்தது. மற்ற நாட்களில் பன்னிரண்டு நிமிடத்தில் திரும்பும் குரல் இந்த முறை ஒரு பகல் கழிந்தும் வரவில்லை, ஓர் இரவு கழிந்தும் வரவில்லை. நாடா அறுந்துவிட்டது என்றான் இம்தியாஸ். பிறகு, அறுந்திருக்காது, சிக்கியிருக்கும் என்றான். இரண்டுக்கும் உள்ள வித்தியாசத்தை யாரும் அவனிடம் கேட்கவில்லை. கடலில் சிக்னல் இல்லை.

ஆடி கடைசி நாள் காலை பத்து மணிக்கு ஆழிமுத்து வந்து கட்டியது. கஜபதி கரையில் நின்றார், நாளைக்குப் புஷ்பம் என்பதை அவர் மாற்றவில்லை, மாற்றும்படி யாரும் கேட்கவும் இல்லை. கயிறு இறுகுமுன் டெல்பின் படகில் தாவி ஏறினாள், இம்தியாஸ் பின்னாலேயே போனான். என்ஜின் அறையில், டீசல் வாசனைக்கும் சூட்டுக்கும் நடுவே, தணிகாசலம் ஒரு பழைய பிளேயரை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். மூடி திறந்திருந்தது. நாடா வெளியே வழிந்து உருளையில் இறுகச் சுற்றியிருந்தது. மூன்று நாளாக அதை எடுக்கப் பயந்து அப்படியே வைத்திருந்திருக்கிறார்.

அவர் மறைக்கவில்லை. தன் கேசட்டை அழித்தது உண்மை. இது கதவைத் திறக்காத ரசிகரிடமிருந்து இம்தியாஸுக்கு முன்னால் போய் வாங்கியது. கரையில் ஓடவிட்டால் தெரிந்துவிடும் என்று கடலுக்குக் கொண்டுபோனார். இந்தச் சூட்டிலும் இரைச்சலிலும்தான், காதை ஒட்டவைத்தால், அவருக்கு அது கேட்டது. அவளுடைய குரலுக்காக அல்ல என்று அவர் சத்தியம் செய்தார்.

"முப்பத்தொம்போது வாட்டி என் அடிய என் கண்ணு முன்னாலயே அழிச்சீங்க. நான் ஒரு வார்த்த பேசல. காது போய்க்கினே இருக்குது டெல்பினு, இனிமே இந்த மாதிரி அடிக்க எனக்கு வராது. ஒண்ணே ஒண்ண வுட்டா இன்னா கொறஞ்சிடும்?"

டெல்பின் அவர் முகத்துக்கு நேரே குனிந்து பேசினாள், உதடுகள் வேகமாக அசைந்தன, ஒரு சத்தமும் இல்லை. தணிகாசலம் தலையைத் திருப்பிக்கொண்டார். இம்தியாஸ் பிளேயரை வாங்கித் தரையில் வைத்து, மண்டியிட்டு, சட்டைப் பையிலிருந்து பென்சிலையும் புருவம் திருத்தும் இடுக்கியையும் எடுத்தான். உருளையிலிருந்து நாடாவைச் சுற்று சுற்றாகப் பிரித்தான். ஒவ்வொரு சுற்றுக்கும் மூச்சை நிறுத்திக்கொண்டான். மேலே ஆட்கள் மீன் பெட்டிகளை இழுக்கும் அதிர்வில் நாடா நடுங்கியது. கஜபதி குரல் கொடுத்து வேலையை நிறுத்தச் சொன்னார். டெல்பின் விடாமல் பேசிக்கொண்டே இருந்தாள், தணிகாசலம் பார்க்காத பக்கத்துக்குப் போய் நின்று பேசினாள். கடைசிச் சுற்று இறுகியிருந்தது. இம்தியாஸ் இடுக்கியை விட்டுவிட்டு நகத்தால் நெம்பினான். நாடா மெஷினின் பல்லிலிருந்து விடுபட்ட அந்தக் கணத்தில், அவள் பேசிக்கொண்டிருந்த வாக்கியத்தின் பாதி அந்தத் தகர அறைக்குள் முழுச் சத்தத்தோடு விழுந்தது.

"...கை உன்கிட்டதாண்ணே இருக்குது. என் தொண்ட எங்க கீது?"

மேலே நின்றிருந்தவர்களுக்கும் அது கேட்டது, கஜபதிக்கும்; நாளைக்குப் புஷ்பம் என்ற பேச்சை அவர் அதற்குமேல் எடுக்கவில்லை. தணிகாசலத்துக்கும் கேட்டது, காதை ஒட்டவைக்காமலே. அவர் எழுந்து, கேசட்டை வாங்கிக்கொண்டு, ஒருவரையும் பார்க்காமல் படகிலிருந்து இறங்கிக் கொட்டகைக்கு நடந்தார். கசங்கிய இடத்தில் நாடா கிழிந்திருந்தது; இம்தியாஸ் ஒரு விரல் நீளம் வெட்டியெடுத்து, மிச்சத்தை ஒட்டினான். பதியும் பட்டனைத் தானே அழுத்துவதாகத் தணிகாசலம் சொன்னார். அழுத்தினார். பன்னிரண்டு நிமிடமும் மெஷின் முன்னால் நின்றுகொண்டே இருந்தார், அவர் கை மட்டும் தொடையில் அடித்துக்கொண்டிருந்தது, நான்கு பாட்டையும் முறையாக, கடைசிவரை.

ஆவணி முதல் தேதி விடிகாலை டெல்பின் எட்டாம் இடத்தில் நின்று முதல் கூடையை எடுத்தாள். கூடத்தின் அந்தக் கோடி வரை கேட்டது. வெட்டியெடுத்த நாடாவில் என்ன போனது என்பதும் அப்போது தெரிந்தது: ரெண்டு தரம் சொன்னபின், மூணு தரம் சொல்வதற்கு முன், ஒரு விரல் நீளத்துக்கு அவளுக்குச் சத்தம் வருவதில்லை. அந்த இடைவெளியில் வியாபாரிகளுக்கு மனம் தடுமாறி, யாராவது ஒருவர் விலையை ஏற்றிவிடுவார். மாதம் முடிவதற்குள் படகுக்காரர்கள் எட்டாம் இடத்துக்கு வரிசைகட்டினார்கள். கஜபதி திருப்தியாக இருந்தார். புஷ்பம் ஐஸ் கூடைக்குத் திரும்பினாள். டெல்பின் அவளிடம் நன்றி சொன்னபோது, அதை வைத்து எத்தனை கூடை விற்கலாம் என்று கேட்டுவிட்டு வேலையைப் பார்த்தாள். டெல்பின் அதற்குப் பிறகு கொட்டகைப் பக்கம் போகவில்லை. ஏன் வரவில்லை என்று தணிகாசலமும் கேட்கவில்லை.

ரசிகர்கள் பற்களுடைந்த வெற்றுக் கேசட்டுகளைத் திரும்ப வாங்கிப்போய் அலமாரியில் வைத்துக்கொண்டார்கள். புதிதாக எப்போது பதிவீர்கள் என்று மூர் மார்க்கெட் கடைக்கு வந்து கேட்டுக்கொண்டே இருந்தார்கள். பாடினால் என்ன ஆகும் என்பது அவர்களுக்கும் தெரியும், இம்தியாஸுக்கும் தெரியும், காசிமேட்டில் எல்லோருக்கும் தெரியும்.

2019ஆம் ஆண்டு மே மாதம் பத்தொன்பதாம் தேதி, தடைக்காலத்து ஞாயிற்றுக்கிழமை, தணிகாசலத்தின் கொட்டகையில் உப்புத்துரு மறுபடி பதிவு செய்தது. அறுபது கேசட்டுகள். பாடியவர் புஷ்பம்.